மழையில் தொலையாத சிறுகோள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்தில் நியூயார்க் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. லிவர்மோர் எண். கலிஃபோர்னியாவில் அப்போது விடிந்திருக்காது. அந்த நேரத்தில் அங்கிருந்து நல்ல செய்தி வராது என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மைதீன் பாயின் மகள் சல்மா பேசினாள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் பேசினாள். "செல்வா அங்கிள், வாப்பா போய்ட்டாங்க. ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ளயே." வண்டி வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா தொழுகை முடிந்து அடக்கமும் ஆகியிருந்தது.

தமிழ்ச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது முதலில் மறுத்தேன். நன்றாக எழுத வராது என்று சாக்குச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. மைதீன் பாயைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய சிறுகோள் கதை தெரியும். எல் நினோ மழை அதைக் கொண்டுபோய்விட்டது என்று நீங்கள் நம்புகிறீர்கள். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் ஒரு வரி எழுதினாலும் அது பாதிப் பொய்யாகிவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். மைதீன் பிச்சை, மேலப்பாளையத்துக்காரர். சான் ஹோசேயில் ஒரு கணினிச் சில்லுக் கம்பெனியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் எட்டு வருடம் இருந்தோம். ஆபீஸில் வெள்ளைக்காரர்களுக்கு அவர் மைக், எனக்கு பாய். என்னைவிட நாலு வயது மூத்தவர். சில்லுக்குள் சமிக்ஞை வர வேண்டிய நேரத்துக்கு வருகிறதா என்று சோதிப்பது எங்கள் வேலை. நானோ செகண்ட் கணக்கில் தாமதம் பிடிப்போம். என் வீடு மில்பிடஸ் பக்கம். அவர் லிவர்மோரிலிருந்து மலை தாண்டி வருகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்வார். சில வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் அவர் வீட்டுக்கே போய்விடுவேன், அவர் மனைவி ரஹ்மத் அக்காவின் கைச்சாப்பாட்டுக்காக. வானத்துக்காக இல்லை. எனக்கு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பெருநாள் பிறை பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பள்ளிவாசல் கமிட்டி அவரிடம் கொடுத்திருந்தது. தொலைநோக்கி வைத்திருக்கிற ஆள், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ஒரு வருடம் ஹேவர்டு குன்றின் மேல் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். நான் வேடிக்கை பார்க்கப் போனவன். கணக்குப்படி சூரியன் விழுந்து அரை மணிக்கு மேல் பிறை வானத்தில் இருக்க வேண்டும். அடிவானத்தில் புகைபோல மூட்டம். கமிட்டியில் இருந்த டாக்டர் ஒருவர் பொறுமை இழந்துவிட்டார்.

"கணக்குப்படி இருக்குல்ல பாய்? பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு லீவு போட்டுட்டு ஊரே காத்திருக்கு."

"இருக்கு டாக்டர். இருக்குங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் பார்க்கலை."

மறுநாளும் நோன்பு. லீவு போட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து அவரைத் திட்டினார்கள். திரும்பி வரும்போது காரில் நானும் சீண்டினேன். ஒரு வார்த்தை சொன்னால் நிலா கோபித்துக்கொள்ளவா போகிறது என்றேன். "நிலா கோவிச்சுக்காது செல்வா. அடுத்த வருஷம் நான் பார்த்தேன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார். அவ்வளவுதான், பாட்டை வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் கூரை தள்ளித் திறக்கும் ஒரு மரக் கொட்டகை. உள்ளே பத்து அங்குலத் தொலைநோக்கி, அதன் வாலில் ஒரு கேமரா, ஒரு பழைய கணினி. வானத்தில் ஒரே இடத்தை இருபது நிமிட இடைவெளியில் மூன்று தடவை படம் பிடிப்பார். மூன்றையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற சிறுகோள் ஏதாவது அங்கே இருந்தால், ஒரு புள்ளி மட்டும் தத்தித் தத்தி நகரும். நகரும் புள்ளியைப் பட்டியலில் தேடுவார். எல்லாம் யாரோ எப்போதோ கண்டுபிடித்ததாக இருக்கும். ஆறு வருடம் இப்படித் தேடினார். பெரிய பெரிய தானியங்கித் தொலைநோக்கிகள் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தன. "இன்னும் ஒரு வருஷம்தான் செல்வா. அப்புறம் அந்த மெஷின் வழிச்சு எடுத்துட்டுப் போயிரும், நமக்கு எலும்புகூட மிஞ்சாது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அவசரம் குரலில் இருக்கும்.

எல் நினோ மழை பெய்த அந்த ஜனவரியில், நோன்பு முடிய இரண்டு நாள் இருந்தபோது, பட்டியலில் இல்லாத ஒரு புள்ளி நகர்ந்தது. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒண்ணு சிக்கியிருக்கு. யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு இரவு பார்த்தது போதாது. இரண்டாவது இரவும் அதே பொருளைப் பார்த்து, நேரத்தோடு இடத்தையும் அளந்து அனுப்பினால்தான், சிறுகோள்களைப் பதிவு செய்கிற மையம் தற்காலிகப் பெயர் கொடுக்கும். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் பிறை பார்க்கும் நாள். மாலையில் வானம் கொஞ்சம் திறக்கும், ஒன்பது மணிக்குள் அடுத்த மழை வந்துவிடும் என்றது வானிலை அறிக்கை. அவர் குன்றின் மேல் நிற்க வேண்டும், அப்புறம் பள்ளிவாசலுக்குப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். கமிட்டியிடம் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாமே என்று கேட்டேன். முந்தைய வருடம் திட்டு வாங்கியவர் இந்த வருடம் வராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றார். தொலைநோக்கியைக் குறிவைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார்.

"மூணு படம். ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கிற நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து நோட்டுல எழுது. கம்ப்யூட்டர் டைமை நம்பாத, அது நாலஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஓடும்."

இங்கே அந்தக் கொட்டகைக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு இருந்தன, ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வட்டக் கடிகாரங்கள். ஒன்று வானியலுக்கான உலக நேரம், ரேடியோவில் வரும் நேர அறிவிப்பை வைத்து வாராவாரம் சரிசெய்வார். இன்னொன்று இந்திய நேரம், மேலப்பாளையத்தில் இருக்கும் தாயாருக்கு போன் போட. மற்ற ஊர்க் கடிகாரங்களை அடுத்தடுத்து மாட்டினால் அநேகமாக மணி முள் மட்டும்தான் மாறும். நம் ஊர்க் கடிகாரத்தில் நிமிட முள்ளும் அரை மணி தள்ளி நிற்கும்.

எட்டு மணிக்கு மேகம் விலகியது. கிழக்கே நட்சத்திரம் தெரிந்ததும் முதல் படத்தைத் தொடங்கினேன். கண் கூசாமல் இருக்கக் கொட்டகையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும். உலக நேரம் நான்கு மணி என்பது மனதில் இருந்தது. நிமிடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று அண்ணாந்து பார்த்து எழுதினேன். நான்கு முப்பத்தைந்து. அடுத்தது நான்கு ஐம்பத்தைந்து. மூன்றாவது ஐந்து பதினைந்து. மேற்கிலிருந்து மேகம் ஏறி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது படம் முடிந்து சிறிது நேரத்தில் தூறல் விழுந்தது. கூரையை இழுத்து மூடிவிட்டு, சாதித்துவிட்ட திமிரோடு அக்காவிடம் டீ கேட்டேன்.

அவர் பத்து மணிக்கு வந்தார். பிறையைப் பார்த்திருந்தார், மறுநாள் பெருநாள். வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை. படங்களைத் திரையில் ஓடவிட்டார். புள்ளி தத்தியது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் நோட்டைப் பார்த்து, "நேரம் சரிதானே?" என்றார். "பார்த்துத்தான் பாய் எழுதினேன்" என்றேன். அந்த நேரங்களைப் போட்டு அன்றே அளவுகளை அனுப்பினார். மூன்றாம் நாள் தற்காலிகப் பெயர் வந்தது, ஒரு வருடமும் சில எழுத்துகளும். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அக்கா ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

மையம் போட்ட உத்தேசப் பாதைப்படி அது சூரியனைச் சுற்றி வர நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். குறுக்கே நாலைந்து மைல் இருக்கலாம். சல்மா அது பூமியில் வந்து மோதுமா என்று கேட்டாள். "அதுக்கு நம்ம பக்கம் வர்ற வேலையே இல்லம்மா. அது பாட்டுக்கு அது போகுது" என்றார். பல வருடம் பின்தொடர்ந்து பாதை உறுதியானால் நிரந்தர எண் கிடைக்கும், பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். என் மனைவி பழனிமலை முருகன் பெயரையே சிபாரிசு செய்தாள். "பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் பேர் வைக்கலாம்" என்று தள்ளிவிட்டார். மனதில் ஒரு பெயர் இருந்தது என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி முழுக்கப் பேய்மழை. மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. கணக்கு சொன்ன இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி மூன்று படம் எடுத்தோம். எதுவும் நகரவில்லை. பக்கத்தில் எடுத்தோம். இன்னும் தள்ளி எடுத்தோம். அந்தக் கேமராவுக்குள் அகப்படும் வானம், நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. "இங்க இல்லையே" என்று மட்டும் மூன்று நான்கு முறை சொன்னார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் மாலை அவர் தொழப் போயிருந்தபோது, பழைய படங்களை வட்டுகளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். கோப்புகளின் பெயருக்குப் பக்கத்தில் கணினி போட்ட நேரம் வரிசையாக இருந்தது. பெருநாளுக்கு முந்தைய மாலையில் நான் எடுத்த முதல் படம், எட்டு மணி ஏழு நிமிடம். நோட்டில் நான் எழுதியதோ எட்டு முப்பத்தைந்துக்குச் சமமான நேரம். அந்தக் கணினி நாலு நிமிடம் ஓடும், ஐந்து நிமிடம் ஓடும், அரை மணி ஓடாது. அண்ணாந்து சுவரைப் பார்த்தேன். அன்று நான் பார்த்து எழுதியது இந்திய நேரக் கடிகாரத்தின் நிமிட முள்ளை. முதல் இரவின் நேரம் சரி, இரண்டாவது இரவின் நேரம் அரை மணி பிசகு. அந்த இரண்டையும் சேர்த்துப் போட்ட பாதை நாளுக்கு நாள் விலகித்தான் போகும். திரையை அணைத்தேன். அவர் தொழுதுவிட்டு வந்தபோது அக்காவோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடம் யோசித்தும் மரியாதையான ஒரு காரணம் கிடைக்கவில்லை. பகலெல்லாம் நானோ செகண்டில் பிழை பிடிப்பவன் கடிகாரம் பார்க்கத் தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்ற வெட்கம். பார்த்துத்தான் எழுதினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது வேறு. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்ததும் நேற்றே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும், அதனால் அன்றைக்கும் சொல்ல முடியாது. தினமும் காலையில் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சான் ஹோசே வரை போனேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் அவராகவே கேட்டார்.

"செல்வா, அன்னைக்கு நீ எடுத்தப்ப ஏதாச்சும் விட்டுப்போச்சா? யோசிச்சுப் பாரு."

"இல்லையே பாய். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"மேகம் ஏதும் குறுக்க வந்துச்சா?"

"இல்ல பாய்."

தலையாட்டினார். ரேடியோவில் போக்குவரத்துச் செய்தியைக் கூட்டி வைத்தார். மூன்று நாள் கழித்து வேறு வார்த்தையில் அதையே கேட்டார். நானும் வேறு வார்த்தையில் அதையே சொன்னேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி, ஆபீஸில் ஆள் குறைக்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று அவளிடமும் ஒரு பொய் சொன்னேன்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, கார் நெரிசலில் அசையாமல் நின்றபோது வாயைத் திறந்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. கடிகாரம், நிமிட முள், கோப்பு நேரம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப பார்த்தே?"

"நேத்து சாயந்திரம் பாய். ஃபைல் லிஸ்ட்டைப் பார்த்தப்ப."

"நேத்தா?"

"ஆமா பாய். நேத்துதான்."

லாரி நகர்ந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவர் மெதுவாக வண்டியை எடுத்தார். "சரி. திருத்தத்தை நீயே எழுதி அனுப்பு. நேரம் குறிச்சவன் எழுதறதுதான் முறை" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அன்றே ஆபீஸிலிருந்து மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது, நாலே வரி. இதே திருத்தம் மைதீன் பிச்சையிடமிருந்து பதினொரு நாள் முன்பே கிடைத்துவிட்டது. நேரக் குறிப்பில் நேர்ந்த கவனக்குறைவு தன்னுடையது என்று அவர் எழுதியிருந்தார். திருத்திப் பார்த்ததில், அதற்கு நான்கு நாள் முன்னதாக ஒரு தானியங்கித் தொலைநோக்கி புதிதென்று அறிவித்திருந்த சிறுகோளும் இதுவும் ஒன்றே. அவர்களுடைய அளவுகளை வைத்துப் பாதை கணிக்கப்பட்டுவிட்டதால், கண்டுபிடிப்பு அவர்களுடையது.

நாட்களை விரல் விட்டு எண்ணினேன். நான் கோப்பைப் பார்த்தது முதல் நாள் என்றால், அந்த இயந்திரம் கண்டுபிடித்தது நான்காம் நாள். எட்டாம் நாள் அவரே கோப்பைத் திறந்து பார்த்துப் புரிந்துகொண்டு திருத்தம் அனுப்பியிருக்கிறார். முதல் நாளே நான் சொல்லியிருந்தால், மையத்தின் கையில் சரியான பாதை இருந்திருக்கும். இயந்திரம் பார்த்த புள்ளி எங்களுடையது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்ததை மன்னிக்கலாம், யாருக்கும் வரும். அவருடைய ஆறு வருடத்தைத் தின்றது என் வாய்மூடித்தனம். அதற்குப் பிறகு காரில் அவர் என்னைக் கேட்டதெல்லாம், சிறுகோள் கை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்த பின் கேட்டவை.

அந்தப் பதிலை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பச் சொன்னவரே அவர்தானே. ஆனாலும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நான் நியூ ஜெர்சிக்கு மாறி வரும் வரை, இரண்டரை வருடம், ஒரே காரில் போனோம், பெருநாள் பிரியாணி சாப்பிட்டோம், என் மகளின் காதுகுத்துக்கு லிவர்மோர் கோயில் வாசல் வரை வந்து வாழ்த்தினார். யாராவது சிறுகோள் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அந்த பிப்ரவரி பூரா மழைங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த பிப்ரவரி பூரா மழைதான், அதில் பொய் இல்லை. மீதியைக் கேட்டவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த முறை அந்தக் கல் சூரியனுக்கு எதிர்ப்புறம் வந்து பளிச்சென்று தெரிந்தபோது, கொட்டகையைத் திறந்து அதைப் படம் பிடித்து அளந்து அனுப்பினார், யாரோ கண்டுபிடித்த சிறுகோளுக்குத் தன் பங்கு அளவுகளாக. என்னை நேரம் குறிக்கச் சொன்னார். இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். எழுதினேன். அவர் நோட்டை வாங்கிப் பார்க்காமலே அப்படியே தட்டச்சு செய்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை. இந்திய நேரக் கடிகாரம் அதே இடத்தில்தான் தொங்கியது, எனக்காகக்கூட அவர் அதைக் கழற்றவில்லை.

மையத்தின் அந்த நாலு வரிப் பதிலை அச்செடுத்து, கிரீன் கார்டு காகிதங்களோடு வைத்திருக்கிறேன். அதன் பிரதியை இந்தக் கட்டுரையோடு சேர்த்து சல்மாவுக்கு அனுப்புகிறேன். ரஹ்மத் அக்காவுக்கு அவள் படித்துச் சொல்லட்டும். அக்கா இனி எனக்குச் சோறு போடாவிட்டாலும் நியாயம்தான். அவர் பெயர் சொல்ல எத்தனையோ பேரிடம் எத்தனையோ இருக்கும். என்னிடம் இருப்பது, நெரிசலில் நின்ற காரில் அவர் இரண்டாவது முறையாகக் கேட்ட, 'நேத்தா?' என்ற அந்த ஒற்றைக் கேள்விதான். நான் மாற்றிச் சொல்வதற்காக அவர் திறந்துவைத்த கதவு அது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது பதில் சொல்கிறேன்.

நேத்து இல்ல பாய். பத்தொன்பது நாள்.